ஒரு பாட்டு, இரண்டு பல்லவி

தொலைந்த நாடுகளின் கதை – அத்தியாயம் 17

போலந்து ஐரோப்பாவின் வரைபடத்திலிருந்து எப்படி அழிக்கப்பட்டது என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அண்டை வல்லரசுகள் 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. அதன்பின் 1918 வரை, 123 ஆண்டுகள், அப்படியொரு நாடு கிடையாது. அரியணை போனது, படை போனது, நாணயம் போனது. அந்த மக்கள் தங்கள் நாட்டைப் பாட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். பாடியதற்காகச் சிறை, பாடிய இடத்துக்குப் பூட்டு, பாடிக்கொண்டு நடந்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு என்று இரத்தம் சிந்திய வரலாறு அது. அதில் நடுநாயகமான ஒரு பாட்டைப் பின்தொடர்ந்து போவோம்.

1816 ஜூலை 20 அன்று வார்சாவின் செய்தித்தாள் ஒன்றில் ஒரு புதிய பாட்டு அச்சாகி வந்தது. அரசரின் நலன் வேண்டும் தேசியப் பாடல் என்று அதற்குத் தலைப்பு. எந்த அரசர்? ரஷ்யாவின் ஜார், முதலாம் அலெக்சாந்தர். நெப்போலியன் வீழ்ந்தபின் 1814-15-இல் கூடிய வியன்னா மாநாடு, போலந்தின் நடுப்பகுதியை மட்டும் 'போலந்து அரசு' என்ற பெயரில் மீண்டும் உண்டாக்கி, அதற்கு ஜாரையே அரசராக அமர்த்தியிருந்தது. ஓர் அரசமைப்புச் சட்டம், போலிஷ் மொழியில் நிர்வாகம், தனிப் படை எல்லாம் கொடுக்கப்பட்டன. அந்தப் படைக்குத் தலைவராக இருந்தவர் ஜாரின் தம்பி கான்ஸ்டன்டைன். ஆங்கிலேயர்கள் தங்கள் அரசருக்காகப் பாடுவதைப்போல நமக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் விரும்ப, அலோய்ஸி ஃபெலின்ஸ்கி என்ற கவிஞர் எழுதிக் கொடுத்தார். யான் காஷெவ்ஸ்கி மெட்டமைத்தார்.

'போஜெ, த்ஸோஷ் போல்ஸ்கெ' என்று முதற்சொற்களாலேயே இன்று அறியப்படும் பாட்டு அதுதான். போலந்தின் பழம்பெருமையையும் பட்ட துன்பத்தையும் கடவுளிடம் எடுத்துச் சொல்லிவிட்டு, பல்லவியில் அரசரைக் காத்தருளும்படி வேண்டுகிறது. ஃபெலின்ஸ்கியைத் துதிபாடி என்று ஒதுக்கிவிட முடியாது. 1794-இல் தடேயுஷ் கோஷ்சியுஷ்கோ தலைமையில் நடந்த எழுச்சியில் அவரோடு நின்றவர் இவர். நாடு பறிபோய் இருபது ஆண்டுகள் கழித்து அரைகுறையாகவேனும் ஒரு நாடு கிடைத்ததில் அந்தத் தலைமுறைக்கு உண்மையான மகிழ்ச்சி இருந்தது. 1820-இல் ஃபெலின்ஸ்கி இறந்துபோனார். தன் பாட்டு பிற்பாடு என்னவாக மாறப்போகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வாய்க்கவில்லை.

மாற்றியவர்கள் மக்கள். ஜார் கொடுத்த வாக்குறுதிகள் ஒவ்வொன்றாகக் காற்றில் போனபோது, பாடுகிறவர்கள் பல்லவியிலிருந்து அரசரை எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக, எங்கள் தாய்நாட்டைச் சுதந்திரமாக எங்களுக்குத் திருப்பித் தா என்ற வேண்டுதல் அங்கே வந்து உட்கார்ந்தது. 1817-இல் அன்தோனி கொரெத்ஸ்கி என்ற படைவீரர்-கவிஞர் எழுதிய வேறொரு பாட்டின் சரணங்களும் இதற்குள் கலந்தன. காஷெவ்ஸ்கியின் மெட்டும் கழன்று விழுந்தது. தேவாலயத்தில் எல்லோருக்கும் பழகிய ஒரு மரியன்னை பாட்டின் மெட்டு அதன் இடத்தைப் பிடித்தது. பல்லவி மாறி, மெட்டு மாறி, சில சரணங்களும் மாறிவிட்டன. ஜாருக்காகக் கடவுளிடம் வேண்டிய பாட்டு, ஜாரிடமிருந்து விடுதலை கேட்டுக் கடவுளிடம் வேண்டும் பாட்டாயிற்று.

இப்படி ஒரு பாட்டு உருமாற வேண்டுமானால், நாட்டுக்காகக் கடவுளிடம் பாடி முறையிடும் பழக்கம் அந்த மக்களிடம் வெகுகாலமாக ஊறியிருக்க வேண்டும். ஊறித்தான் இருந்தது. போலிஷ் மொழியில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பாட்டே ஒரு மன்றாட்டு. 'போகுரொஜீத்ஸா' என்று அதற்குப் பெயர். இறைவனின் தாயை நோக்கிப் பாடுவது. அதன் பழைய கையெழுத்துப் படிகள் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. 1410 ஜூலை 15 அன்று கிரன்வால்டு களத்தில், டியூட்டானிக் சபையைச் சேர்ந்த ஜெர்மானிய வீரத்துறவிகளின் படையோடு மோதப் புறப்படும் முன் போலந்துப் படை இதைப் பாடியது என்று வரலாற்றாசிரியர் யான் த்வுகோஷ் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் போரில் போலந்தும் லிதுவேனியாவும் வென்றன. வெற்றியோடு பாட்டும் நினைவில் தங்கியது.

யான் கொஹனோவ்ஸ்கி 1579-இல் தாவீதின் திருப்பாடல்களைப் போலிஷ் கவிதையாக்கினார். கத்தோலிக்கர், புரோட்டஸ்டன்டுகள் என்று வேறுபாடில்லாமல் எல்லோரும் பாடினார்கள். வார்சாவின் திருச்சிலுவை ஆலயத்தில் 1707-இல் தொடங்கிய 'கொஷ்கியெ ஜாலெ' என்ற தவக்கால வழிபாட்டில், இயேசுவின் பாடுகளை மக்களே தங்கள் மொழியில் ஒப்பாரியாகப் பாடுகிறார்கள். இன்றும் நாடு முழுவதும் அது நடக்கிறது. இரண்டாம் பிரிவினைக்கு முந்திய ஆண்டான 1792-இல் ஃபிரான்சிஷெக் கார்பின்ஸ்கி எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு, பொலோனேஸ் நடனத்தின் கம்பீர நடையில் போகும். அதன் கடைசிச் சரணம் தொழுவத்தில் பிறந்த குழந்தையிடம் நாட்டுக்கு ஆசி கேட்கிறது.

இங்கே ஒரு நடைமுறை உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் கத்தோலிக்கத் திருப்பலி லத்தீனில்தான் நடக்கும். ஆனால் பாட்டுகள் மக்கள் மொழியில் இருந்தன. பின்னாளில் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி, நீதிமன்றத்தில் ஜெர்மன் மொழி என்று வந்தபோது, ஆயிரம் பேர் ஒன்றாகக் கூடி வாய்விட்டுப் போலிஷ் மொழி பேச, இல்லை, பாட இருந்த ஒரே கூரை தேவாலயத்தின் கூரை. ரஷ்யர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், பிரஷ்யாவின் ஆட்சியாளர்கள் புரோட்டஸ்டன்டுகள். கத்தோலிக்கராக இருப்பதும் போலிஷ்காரராக இருப்பதும் ஒன்றே என்ற எண்ணம் வலுப்பட்டதற்கு இந்த இரண்டு காரணங்களும் போதும்.

கடவுளைக் கூப்பிடாத பாட்டும் உண்டு. இன்று போலந்தின் தேசிய கீதமாக இருப்பது அதுதான். 1797 ஜூலையில், இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில், யூஸெஃப் விபித்ஸ்கி அதை எழுதினார். நாடிழந்த போலிஷ் வீரர்களைத் திரட்டி, தளபதி யான் ஹென்ரிக் டோம்ப்ரோவ்ஸ்கி நெப்போலியனின் கீழ் ஒரு படையணி அமைத்திருந்தார். நாடு பறிபோய் இரண்டே ஆண்டு ஆகியிருந்த அந்த வீரர்களுக்காக, கிராமத்து மஸுர்கா நடனத்தின் துள்ளல் மெட்டில், ஊர் திரும்பும் நம்பிக்கையோடு எழுந்த பாட்டு. ஆனால் அந்தப் படையணிகளின் கதை துயரமானது. 1802, 1803-இல் நெப்போலியன் அவர்களில் 5,000-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி ஹெய்ட்டிக்கு அனுப்பினார். விடுதலைக்காக எழுந்த கறுப்பின அடிமைகளை அடக்கும் வேலை. பெரும்பாலோர் மஞ்சள் காய்ச்சலிலும் போரிலும் மடிந்தார்கள். சிலர் அணி மாறி ஹெய்ட்டிக்காரர்களோடு சேர்ந்தார்கள். தன் விடுதலைக்காகப் பாடியவனை அடுத்தவன் விடுதலைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்க வைத்த அந்தக் கொடுமையையும் சேர்த்தே இந்தக் கீதத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

1830 நவம்பர் 29 இரவு வார்சாவில் எழுச்சி வெடித்தது. அடுத்த ஆண்டே ரஷ்யப் படை அதை நசுக்கியது. பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பாரிஸ் அவர்களின் தலைநகரமாயிற்று. எழுச்சிக்குச் சில வாரங்கள் முன்பு வார்சாவை விட்டுப் புறப்பட்டிருந்த இருபது வயது பியானோ கலைஞர் ஃபிரெடெரிக் ஷோபென் அதன்பின் ஊர் திரும்பவே இல்லை. அவருடைய முதல் ஷெர்ட்ஸோவின் நடுவில், கொந்தளிப்பெல்லாம் அடங்கிய ஓர் இடத்தில், குழந்தை இயேசுவுக்குப் பாடும் போலிஷ் தாலாட்டு ஒன்று மெல்லக் கேட்கும். சொற்களே இல்லாமல் வீட்டு ஏக்கத்தைச் சொன்ன இடம் அது.

சொற்களால் சொன்னவர் ஆதாம் மித்ஸ்கியேவிச். போலந்தின் மாபெரும் தேசியக் கவி என்று போற்றப்படும் இவர் வார்சாவிலும் கிராக்கோவிலும் கால் வைத்ததே கிடையாது. 1798-இல் பிறந்தது இன்றைய பெலாரூஸில் உள்ள நவக்ருடெக் பகுதியில், படித்தது வில்னியூஸில். மாணவர் கழகம் ஒன்றை நடத்திய குற்றத்துக்காக 1823-இல் கைதானார். சிறையாக மாற்றப்பட்ட ஒரு துறவுமடத்தில் அவரை அடைத்தார்கள். பிறகு ரஷ்யாவுக்கு நாடுகடத்தல். அந்தச் சிறை அறையை அவர் மறக்கவில்லை. 1832-இல் வெளிவந்த 'ஜாடி' நாடகத்தின் மூன்றாம் பாகத்தில் அது மறுபடி வருகிறது.

இறந்தவர்களின் ஆவிகளை அழைத்து உணவு படைக்கும் பழைய நாட்டார் சடங்கின் பெயர்தான் ஜாடி. நாடகத்தில், சிறையில் கிடக்கும் கவிஞன் கோன்ராட் ஓர் இரவில் கடவுளோடு மல்லுக்கு நிற்கிறான். ஒரு மக்கள் கூட்டத்தின் வேதனை முழுவதையும் தன் நெஞ்சில் சுமப்பதாகச் சொல்லி, உலகை ஆளும் அதிகாரத்தைத் தனக்குத் தா என்று கேட்கிறான். பதில் இல்லை. கடவுளை உலகத்தின் தந்தை என்று அழைக்க முடியாது, நீ உலகத்தின் ஜார் என்று சொல்ல வாயெடுக்கிறான். அந்தக் கடைசிச் சொல் வருமுன் மயங்கி விழுகிறான். அந்தச் சொல்லை ஒரு பேய் சொல்லி முடிக்கிறது. ஐரோப்பிய நாடக இலக்கியத்தில் பக்தியும் கலகமும் இவ்வளவு நெருக்கத்தில் நிற்கும் இடங்கள் மிகக் குறைவு. அதே நாடகத்தில், அடக்கமான ஒரு துறவிக்கு வேறொரு காட்சி கிடைக்கிறது. மூன்று பேரரசுகளால் சிலுவையில் அறையப்படும் போலந்தை அவர் காண்கிறார். அது உயிர்த்தெழும், அதனால் மற்ற நாடுகளும் விடுதலை பெறும்.

'நாடுகளுக்குள் கிறிஸ்து' என்ற இந்தக் கருத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போலிஷ் மனத்தை ஆண்டது. தோற்றுப்போய், பிழைக்க வழியின்றி அயலூரில் கிடந்தவர்களுக்கு, உங்கள் துன்பத்துக்குப் பொருள் உண்டு என்று சொன்னது பெரிய ஆறுதல். அதன் வலிமையை நான் மதிக்கிறேன். ஆனால் தன்னைக் குற்றமற்ற பலியாக மட்டுமே பார்க்கப் பழகும் ஒரு சமூகம், தனக்குள் நடந்த அநியாயங்களைப் பார்க்கத் தவறிவிடும். போலந்தின் பிரபுக்கள் நாட்டு விடுதலைக்காகக் கண்ணீர் விட்ட அதே காலத்தில், அவர்களின் வயல்களில் விவசாயிகள் கட்டாய ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். எழுச்சிகள் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். மித்ஸ்கியேவிச் 1855-இல் கான்ஸ்டான்டிநோபிளில் இறந்தார். கிரிமியப் போரில் ரஷ்யாவுக்கு எதிராகப் போரிட, யூதர்களின் படையணி ஒன்றை அமைக்கும் முயற்சியில் அப்போது ஈடுபட்டிருந்தார். அவருடைய பிற்காலப் பார்வை எவ்வளவு விரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது ஃபெலின்ஸ்கியின் பாட்டுக்கு வருவோம். அது தெருவில் இறங்கிய ஆண்டுகள் 1860-ம் 1861-ம். 1830 எழுச்சியின் முப்பதாவது ஆண்டு நாளில், வார்சாவின் கார்மேல் சபை ஆலயத்துக்கு வெளியே கூட்டம் கூடித் தேசப் பாட்டுகளைப் பாடியது. அதன்பின் ஊர்வலம், பாட்டு, மறுபடி ஊர்வலம். கையில் ஆயுதம் கிடையாது. சிலுவையும் கொடியும் பாட்டும்தான். பிரார்த்தனை செய்கிறவர்களை எப்படிக் கலைப்பது என்று ரஷ்ய அதிகாரிகள் திகைத்தார்கள். 1861 பிப்ரவரி 27 அன்று திகைப்பு துப்பாக்கிச் சூடாக மாறியது. ஐந்து பேர் இறந்தார்கள்.

அந்த ஐவரின் உடல்களையும் கரோல் பெயர் என்ற புகைப்படக்காரர் படமெடுத்தார். நெஞ்சில் காயத்தோடு கிடக்கும் அந்தப் படங்கள் கைக்குக் கை மாறி நாடு முழுதும் போயின. மார்ச் 2 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தில் கத்தோலிக்கக் குருக்களோடு புரோட்டஸ்டன்டு போதகர்களும், வார்சாவின் தலைமை ரபி டோவ் பெர் மைஸெல்ஸும் நடந்தார்கள். அலெக்சாந்தர் லெஸ்ஸர் வரைந்த ஓவியத்தில் இன்றும் அவர்களைச் சேர்ந்து நிற்கும் கோலத்தில் காணலாம். அந்த நாளிலிருந்து பெண்கள் கறுப்பு உடுத்தினார்கள். பொன்னும் மணியும் கழன்றன. இரும்பிலும் கரிய கல்லிலும் செய்த சங்கிலிகள், சிறு சிலுவைகள், முள்முடி வடிவ வளையங்கள் கழுத்துக்கும் கைக்கும் வந்தன. கறுப்பு உடுத்தினால் அபராதம் என்று அரசு உத்தரவு போடும் அளவுக்கு அந்தத் துக்கம் நீண்டது.

ஏப்ரல் 8 அன்று அரண்மனைச் சதுக்கத்தில் மீண்டும் சுட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அன்று ஊர்வலத்தின் முன்னால் சிலுவை தாங்கி வந்தவர் அடிபட்டு விழுந்தார். கீழே விழுந்த சிலுவையை எடுத்து உயர்த்திப் பிடித்தவர் மிஹாவ் லாண்டி என்ற இளம் மாணவர். அவர் ஒரு யூதர். அவரும் குண்டடிபட்டு இறந்தார். பாரிஸில் வறுமையில் வாழ்ந்த கவிஞர் த்ஸிப்ரியான் நார்விட், அதே ஆண்டு போலந்து யூதர்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். போலிஷ் உணர்வு, கத்தோலிக்கர்களுக்கு மட்டும் சொந்தமாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அக்டோபரில் நிலைமை முற்றியது. 14-ஆம் தேதி இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் கோஷ்சியுஷ்கோவின் நினைவு நாள். தடையை மீறி மக்கள் தேவாலயங்களில் திரண்டார்கள். தூய யோவான் பேராலயத்தையும் பெர்னார்டின் சபை ஆலயத்தையும் படை சூழ்ந்தது. வெளியே வந்தால் கைது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை, இரவெல்லாம் பாடினார்கள். விடிவதற்கு முன் சிப்பாய்கள் கதவைத் திறந்து உள்ளே புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

திருச்சபை கொடுத்த பதில் எல்லாரையும் உலுக்கியது. புனிதம் கெடுக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்து, வார்சாவின் கத்தோலிக்க ஆலயங்கள் எல்லாம் மூடப்பட்டன. அவர்களுக்குத் துணையாகப் புரோட்டஸ்டன்டு ஆலயங்களும் யூதர்களின் தொழுகைக்கூடங்களும் கதவடைத்தன. ரபி மைஸெல்ஸ் சிறை வைக்கப்பட்டார். ஒரு பாட்டுக்காக ஒரு தலைநகரம் முழுவதும் வழிபாடு நின்றது.

ஆலயங்களை மறுபடி திறந்து வைத்தவர் 1862 பிப்ரவரியில் வந்த புதிய பேராயர். அவர் பெயர் ஸிக்முண்ட் ஷ்ச்சென்ஸ்னி ஃபெலின்ஸ்கி. ஆம், பாட்டெழுதிய அலோய்ஸி ஃபெலின்ஸ்கியின் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவருடைய தாய் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர். இவரே 1849-இல் பாரிஸில், மித்ஸ்கியேவிச்சுக்கு இணையாகப் போற்றப்படும் கவிஞர் யூலியுஷ் ஸ்வொவாத்ஸ்கி உயிர்விட்டபோது படுக்கை அருகில் இருந்தவர். அப்படிப்பட்டவர், தேவாலயத்துக்குள் தேசப் பாட்டு வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். தன் குடும்பத்துக் கவிஞர் எழுதிய பாட்டையும் சேர்த்துத்தான். ஆலயங்கள் திறந்திருக்க வேண்டும், இன்னும் இரத்தம் சிந்தக் கூடாது என்ற கவலை அவருக்கு. மக்கள் அவரை ஜாரின் ஆள் என்று சந்தேகித்தார்கள். 1863 ஜனவரி 22 அன்று எழுச்சி வெடித்து, அடக்குமுறை கட்டவிழ்த்து விடப்பட்டபோது, அதே பேராயர் ஜாருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அதற்குப் பரிசாக ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் இருபது ஆண்டுகள் நாடுகடத்தல். சந்தேகித்தவர்கள் வெட்கப்பட வேண்டியிருந்தது. 2009-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது.

1863 செப்டம்பரில் வார்சாவில் ரஷ்ய ஆளுநர் பெர்க் மீது கொலைமுயற்சி நடந்தது. தாக்குதல் நடந்த ஸமோய்ஸ்கி மாளிகையைச் சிப்பாய்கள் சூறையாடினார்கள். அங்கே குடியிருந்தவர்களில் ஷோபெனின் தங்கையும் ஒருவர். அவர் வைத்திருந்த, அண்ணன் இளமையில் வாசித்த பியானோவைச் சிப்பாய்கள் சன்னல் வழியே தெருவில் தள்ளினார்கள். செய்தி கேட்ட நார்விட் பாரிஸில் உட்கார்ந்து எழுதிய 'ஷோபெனின் பியானோ' போலிஷ் மொழியின் தலைசிறந்த கவிதைகளுள் ஒன்று. வாழ்நாளில் அவரை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. 1883-இல் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தார்.

ரஷ்யப் பகுதியில் வாய்கள் அடைக்கப்பட்டன. 1898-இல் மித்ஸ்கியேவிச்சின் நூற்றாண்டுக்கு வார்சாவில் சிலை வைக்க அனுமதி கிடைத்தது. ஆனால் திறப்பு விழாவில் ஓர் உரைகூட நிகழ்த்தப்படவில்லை. பிரஷ்யப் பகுதியில் போராட்டம் குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது. வ்ஜெஷ்னியா என்ற சிறிய ஊரின் பள்ளியில், மறைக்கல்வியும் ஜெபமும் இனி ஜெர்மன் மொழியில்தான் என்று உத்தரவானது. குழந்தைகள் ஜெர்மனில் பதில் சொல்ல மறுத்தார்கள். 1901 மே 20 அன்று பள்ளி நேரம் முடிந்தபின் அவர்களை நிறுத்தி வைத்துப் பிரம்பால் அடித்தார்கள். அலறல் கேட்டுப் பெற்றோர் பள்ளிக்கு வெளியே திரண்டார்கள். வழக்கு அந்தப் பெற்றோர்மேல் போடப்பட்டது, சிலருக்குச் சிறை. ஐந்தாண்டுகள் கழித்துப் பிரஷ்யப் பகுதி முழுவதும் பரவிய பள்ளி வேலைநிறுத்தத்தில் சுமார் 75,000 குழந்தைகள் கலந்துகொண்டார்கள். எந்த மொழியில் கடவுளிடம் பேசுவது என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள்.

போலிஷ் நிலங்களைப் பறிக்கும் சட்டமும் அடுத்து வந்தபோது, மரியா கொனொப்னீத்ஸ்கா 1908-இல் 'ரோட்டா' எழுதினார். மண்ணையும் மொழியையும் விடமாட்டோம் என்று சத்தியம் செய்யும் பாட்டு; ஒவ்வொரு சரணமும் கடவுளின் துணையைக் கேட்டு முடியும். ஃபெலிக்ஸ் நோவோவியெய்ஸ்கி இசையமைத்தார். அரங்கேறிய இடம் கிராக்கோவ். ஏன் கிராக்கோவ்? ஆஸ்திரியா தன் பங்குக்கு 1860-களிலிருந்து தன்னாட்சி கொடுத்திருந்தது. வார்சாவில் முணுமுணுக்கவும் முடியாததை அங்கே மேடை போட்டுப் பாட முடியும். 1910 ஜூலை 15, கிரன்வால்டு போரின் 500-வது ஆண்டு நாள். பியானோ மேதை இக்னசி படரெவ்ஸ்கி தன் பணத்தில் எழுப்பிய கிரன்வால்டு நினைவுச் சின்னத்தின் திறப்பு விழா. மூன்று பகுதிகளிலிருந்தும் வந்து கூடிய மக்கள்முன் நூற்றுக்கணக்கானோர் கொண்ட பாடற்குழு 'ரோட்டா'வைப் பாடியது. சில மாதங்களில் கொனொப்னீத்ஸ்கா காலமானார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அந்தச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். 1976-இல் அது மறுபடி எழுந்தது.

1918-இல் நாடு திரும்பி வந்தது. உடனே ஒரு கேள்வி: இனி எது தேசிய கீதம்? விபித்ஸ்கியின் படைவீரர் பாட்டா, ஃபெலின்ஸ்கியின் வேண்டுதலா? 'ரோட்டா'வுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். 1927-இல் விபித்ஸ்கியின் பாட்டு அதிகாரபூர்வமாயிற்று. எல்லா மதத்தவரும் மதமில்லாதவர்களும் நின்று பாடத்தக்கது அதுவே என்பதால் அது நல்ல முடிவு. தேவாலயத்தில் ஃபெலின்ஸ்கியின் பாட்டு தொடர்ந்தது. பல்லவி மட்டும் மாறியது: நாட்டைத் திருப்பித் தா என்று கேட்ட வாய்கள், சுதந்திர நாட்டை ஆசீர்வதி என்று கேட்கத் தொடங்கின. 1939-இல் ஹிட்லரும் ஸ்டாலினும் நாட்டைப் பிளந்தபோது பழைய பல்லவி திரும்பியது.

போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் அரசு தேசிய கீதத்தைத் தொடவில்லை. கவிதை என்ன செய்யும் என்று 1968-இல்தான் அதற்குப் புரிந்தது. ரஷ்யப் புரட்சியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்காக என்றே, வார்சா தேசிய அரங்கில் கஸிமியெஷ் டெய்மெக் 'ஜாடி'யை மேடையேற்றினார். கோன்ராடாக நடித்தவர் குஸ்தாவ் ஹொலோபெக். ஜாரின் கொடுமையைச் சொல்லும் இடங்களில் அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது. யாரை நினைத்துத் தட்டுகிறார்கள் என்று அரசுக்குத் தெரியாதா? நாடகம் நிறுத்தப்பட்டது. 1968 ஜனவரி 30 அன்று கடைசிக் காட்சி முடிந்ததும், உரையில்லாமல் திறக்கப்பட்ட அதே மித்ஸ்கியேவிச் சிலையை நோக்கி மாணவர்கள் முழக்கமிட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன. அரசு பழியை யூதர்கள்மேல் திருப்பியது. வேலை பறித்து, அவமானப்படுத்தி, 13,000 பேருக்குக் குறையாமல் நாட்டைவிட்டு வெளியேற வைத்தார்கள். மிஹாவ் லாண்டி சிலுவையைத் தூக்கிப் பிடித்த அதே நகரத்தில் இது நடந்தது. போலந்தின் வரலாற்றில் என்னால் மனம் ஆறிப் படிக்க முடியாத பக்கம் இது.

பத்தாண்டு கழித்து, 1978-இல் கரோல் வொய்த்தீவா போப்பாண்டவரானார். இவர் கல்லூரியில் படித்தது போலிஷ் இலக்கியம். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது கிராக்கோவில், சன்னல்களை மூடிய வீட்டு அறைகளில், மித்ஸ்கியேவிச்சையும் ஸ்வொவாத்ஸ்கியையும் தலைமறைவு நாடகமாக நிகழ்த்திய குழுவில் நடித்தவர். தானும் கவிதை எழுதியவர். ஒரு ஸ்லாவியப் போப் வருவார் என்று ஸ்வொவாத்ஸ்கி 1848-இல் எழுதியிருந்த கவிதையை அப்போது எல்லோரும் தேடிப் படித்தார்கள். 1979 ஜூன் 2 அன்று வார்சாவின் வெற்றிச் சதுக்கத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் குறுக்கிட்டுப் பாடியது. பாட்டு அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் க்டான்ஸ்க் கப்பல்கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். வாயில் கம்பிகளில் போப்பின் படமும் மலர்களும். உள்ளே திருப்பலி, பாட்டு. 1970-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காக, 42 மீட்டர் உயரமுள்ள மூன்று சிலுவைகளை எஃகில் அந்தத் தொழிலாளர்களே எழுப்பினார்கள். 1980 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்ட அந்தச் சின்னத்தில், அந்த ஆண்டு நோபல் பரிசு பெற்ற செஸ்வாவ் மிவோஷின் கவிதை வரிகளும், அவர் மொழிபெயர்த்த திருப்பாடல் ஒன்றின் வரியும் பொறிக்கப்பட்டுள்ளன. அதுவரை நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த கவிஞர் அவர். அந்தக் காலத்து மாணவர்களின் பாட்டு, யாட்செக் கச்மார்ஸ்கி 1978-இல் எழுதிய 'மூரி' (சுவர்கள்). பாட்டின் முடிவில் கூட்டம் பாடகனைத் தனியே விட்டுப் போகிறது, சுவர்கள் வளர்கின்றன. மக்கள் அந்த முடிவைக் கண்டுகொள்ளாமல், சுவர் இடியும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பாடினார்கள். ஃபெலின்ஸ்கிக்கு நடந்ததே இவருக்கும் நடந்தது.

1981 டிசம்பர் 13 அன்று மீண்டும் இராணுவச் சட்டம். வார்சாவின் ஜோலிபோஷ் பகுதியில் தூய ஸ்தனிஸ்லாவ் கோஸ்த்கா ஆலயத்தில், 37 வயதில் கொல்லப்படவிருந்த இளம் குரு யெர்ஸி பொப்பியெவுஷ்கோ, மாதந்தோறும் நாட்டுக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். வானொலியையும் தொலைக்காட்சியையும் புறக்கணித்த நடிகர்கள் அங்கே வந்து கவிதை வாசித்தார்கள். கடைசியில் எல்லோரும் எழுந்து, இரு விரலை உயர்த்தி, 1861-இன் பல்லவியைப் பாடுவார்கள். 1984 அக்டோபர் 19 அன்று உளவுத்துறையினர் அந்தக் குருவைக் கடத்திக் கொன்றார்கள். அவருடைய இறுதிச் சடங்குக்கு லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள்.

1989-க்குப் பின் பல்லவி மறுபடி ஆசீர்வாதத்துக்கு மாறியது. தகராறு அதோடு தீரவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்மோலென்ஸ்க் அருகே விமானம் விழுந்து ஜனாதிபதி உட்பட 96 பேர் இறந்தபின், வார்சாவில் மாதந்தோறும் நடந்த நினைவுக் கூட்டங்களில் ஒரு பிரிவினர் திருப்பித் தா என்ற பல்லவியைப் பாடினார்கள். தேர்தல் நடக்கும் சுதந்திர நாட்டில் இதைப் பாடலாமா என்று மற்றவர்கள் கொதித்தார்கள். என் கருத்தில் கொதித்தவர்கள் பக்கமே நியாயம். அந்த வேண்டுதலுக்காக உண்மையிலேயே அடிபட்டவர்களின் கணக்கு பெரியது. கட்சிப் பகைக்கு அதை எடுத்தாளக் கூடாது. இன்று அந்நாட்டுத் திருச்சபையின் பாட்டுப் புத்தகங்களில் அச்சாகியிருப்பது, சுதந்திர நாட்டை ஆசீர்வதிக்கக் கேட்கும் பல்லவி.

அடுத்த அத்தியாயத்தில் மித்ஸ்கியேவிச்சின் இன்னொரு தாய்மண்ணான லிதுவேனியாவுக்குப் போகிறோம். அங்கே 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிட ஜார் அரசு தடை விதித்தது. ஜெபப் புத்தகங்களை மூட்டை கட்டி எல்லை தாண்டிக் கடத்தியவர்களின் கதை அது.